இன்னொரு டீ குடி

அலையை எண்ணிக்கொண்டிருக்கும்போது ரேவின் டாஸ்கரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடுவாள். விடிந்தும் விடியாத நேரத்தில் அலைதடுப்புச் சுவரின் கோடியில் நிற்கிறாள். இரவு உடைக்கு மேல் மழைக்கோட்டு. முழங்கால் வரை வரும் ரப்பர் கம்பூட், வலது காலில் வெள்ளை, இடது காலில் சிவப்பு. வாயில் பிளாஸ்க் மூடியைக் கடித்திருக்கிறாள். ஆற்றின் மேலிருந்து இறங்கிவரும் காற்றுக்கு எங்கள் ஊரான கிரேமவுத்தில் சவரக்காரன் என்று பெயர். கன்னத்தை வழித்துவிட்டுப் போகும். அவள் அசைவதில்லை. ஆறு கடலில் விழும் இடத்தில் தண்ணீருக்கடியில் மணல்மேடு இருக்கிறது. அதன் மேல் அலை எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் வழி விடுகிறது என்று பார்க்கிறாள். சின்ன அலைகள் எத்தனை வந்தாலும் அவளுக்குப் பொருட்டில்லை. பெரிய அலைக்கூட்டம் ஒன்று வந்து அடங்குவதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். அந்தப் பிளாஸ்க் மூடியைச் சுற்றிலும் பல்தடம்தான்.

ஆற்று வாய் என்றுதான் நாங்கள் சொல்வது. "வாய் எப்படி இருக்கு?" என்றால் படகு போகலாமா என்று அர்த்தம். வெளியே கடல் எவ்வளவு சாதுவாகக் கிடந்தாலும் சரி, போகிற படகும் வருகிற படகும் அந்த வாய்க்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். குறுக்கே திரும்பிய படகை அது திருப்பிப் போட எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒருவர் பெயரைக்கூட முழுசாகக் கூப்பிட முடியாது. ரேவினின் அண்ணன் படகு அப்படிப் புரண்டதை அவள் இதே சுவரில் நின்று பார்த்தவள். அண்ணன் பிழைத்துக்கொண்டான். இப்போது மலைக்கு அந்தப் பக்கம் மாடு மேய்க்கிறான், கடல் இருக்கும் திசையில் ஜன்னல்கூட வைக்கவில்லை. இவள் மட்டும் தினமும் வந்து பார்க்கிறாள்.

ஊரில் அவளுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பட்டப்பெயர். ரொட்டி வாட்டும் மெஷினை அணைத்தோமா என்று பாதி வழியில் காரைத் திருப்புகிற ஜாதி. எதையும் வாய் திறந்து நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டாள், சொன்னால் கெட்டுப்போய்விடுமாம். தன் கல்யாண கேக்கைத் தின்றுவிட்டு "மோசமில்ல" என்றாள். மகள் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டியபோதும் "மோசமில்ல." வாய் சரியில்லாத நாளில் படகுக்காரர்கள் கேட்டால் போகாதே என்றும் சொல்லமாட்டாள். "இன்னொரு டீ குடி" என்பாள். அவ்வளவுதான், ஆறடி ஆள்கள் முணுமுணுத்துக்கொண்டே என் கடைக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

என் கடை துறைமுக மேடையில், டீயும் இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பமும் விற்கிறேன். எதிரே ஐஸ் ஆலை. ரேவினுக்கு அங்கேதான் வேலை, குழாய் வழியாகப் படகின் வயிற்றுக்குள் ஐஸ் கொட்டுவது. விரல் பத்தும் சிவந்து வீங்கியிருக்கும். என் புருஷன் நெவ், தமத்தி வெரேட்டாவின் படகில் வேலை பார்க்கிறான். அதனால் அவளுடைய பயத்தை நான் கிண்டல் செய்யமாட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம், நன்றாகவே செய்வேன். நெவ் கடலில் இருக்கும் நாட்களில் மட்டும் வாயை மூடிக்கொள்வேன்.

ஐஸ் ஆலையின் கம்ப்யூட்டர் ஒருநாள் படுத்துவிட்டது. அப்போது ஊரில் பழுதுபார்க்க ஆளில்லை, கிறைஸ்ட்சர்ச் நகரத்திலிருந்து மலை தாண்டி வர எவனும் தயாரில்லை. இவளே புத்தகத்தை வைத்துக்கொண்டு நோண்டி எழுப்பினாள். பிறகு அந்த நோண்டும் புத்தி விடவில்லை. தினமும் எல்லோரும் தன்னிடமே வாயைப் பற்றிக் கேட்கிறார்களே என்று ஒரு நிரல் எழுதினாள், கம்பூட் என்று பெயர் வைத்தாள். கடலில் மிதக்கும் கருவி சொல்லும் அலை உயரம், கடல் ஏறுகிறதா வற்றுகிறதா என்பது, ஆற்றில் வரும் வெள்ளம், மூன்றையும் சேர்த்துப் பார்த்துப் படகுக்காரன் போனில் சிவப்போ பச்சையோ காட்டும். ஆனால் எண்கள் எவ்வளவு சரியாக இருந்தாலும் பச்சை தானாக எரியாது. ஓர் ஆள் வாயைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சரி சொல்ல வேண்டும். அந்த ஆள் ரேவின். அவள் போனில் இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'மோசமில்ல' என்று எழுதியிருக்கும், மற்றதில் 'இன்னொரு டீ குடி'. எதை அழுத்தினாலும் அரை நாளைக்குச் செல்லும்.

"மெஷின நம்பி ஒருத்தனும் சாகக் கூடாதுடி" என்பாள்.

எழுதியதை உலகத்துக்கே திறந்துவிட்டாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், தங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றலாம். காசு கிடையாது. பெயர், ஊர் எதுவும் கேட்காது. "யாரு எங்க மீன் புடிக்கிறாங்கன்னு எனக்கு எதுக்கு? அது அவனவன் ரகசியம்" என்பாள். எங்கள் ஊரில் மீன் கிடைக்கும் இடத்தைக் கேட்பது ஒருவன் சம்பளத்தைக் கேட்பதைவிட மோசம்.

பயந்தாங்கொள்ளிக்கும் ஓர் ஆசை இருந்தது. துறைமுகத்தின் இணைய அறிவிப்புப் பக்கத்தில் கம்பூட்டும் இடம்பெற வேண்டும், வெளியூர்ப் படகுகளும் பார்க்க வேண்டும் என்று அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்தவர் மரியாதையாகவே பேசினார். "நல்ல ஐடியாதான் ரேவின். ஆனா உங்கள விட்டா உலகத்துல வேற யாரு இத பயன்படுத்துறாங்க? நாலு பேருக்குத் தெரிஞ்சிருந்தா நான் மேல சொல்ல முடியும்." திரும்பி வந்து என் கடையில் ஒரு தட்டு இஞ்சி கேக்கையும் முழுசாகத் தின்று தீர்த்தாள்.

ஷெய்ன் மல்ஹாலண்டுக்கு இது போதாதா? கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான், குடுமி போட்டிருக்கிறான், இந்த ஊரை உலக வரைபடத்தில் ஏற்றாமல் ஓயமாட்டேன் என்று திரிகிறவன். "ரே, சரக்கு நல்லா இருந்தா மட்டும் ஒருத்தனும் வரமாட்டான். கூவணும். நான் கூவுறேன்" என்றான். இரண்டு குளிர்காலம் கூவினார்கள். ஒற்றைச் சிவப்பு கம்பூட் படம் வரைந்து ஸ்டிக்கர் அடித்தார்கள். ஊரிலுள்ள லாரி, குப்பைத்தொட்டி, சாராயக்கடைக் கழிவறை என்று ஒன்று பாக்கியில்லை. படகுச் சங்கங்களுக்கு எழுதினார்கள், பதில் இல்லை. நிரலர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கங்களில் எழுதினார்கள், அங்கேயும் மௌனம். கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு கூட்டத்தில் ரேவினை மேடை ஏற்றினார்கள். வந்தவர்கள் இலவச பீட்ஸாவுக்கு வந்தவர்கள். அவள் பேசி முடித்ததும், கம்பூட் ஏதோ காலணிக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டு அவர்கள் கைதட்டினார்களாம்.

நிரல் பிடித்திருந்தால் ஜனங்கள் அதற்கு ஒரு நட்சத்திரம் போடுவார்கள். காலையில் அலையை எண்ணி முடித்ததும் ரேவின் நட்சத்திரத்தை எண்ணுவாள், ஒரு கை விரல் போதும். ஒன்று ஷெய்னுடையது, ஒன்று அவன் அம்மாவுடையது, ஒன்று என்னுடையது. என்ன ஏதென்று தெரியாமல்தான் போட்டேன். ஒருநாள் ஒரு நட்சத்திரம் குறைந்துவிட்டது. முகம் தொங்கிப்போய், "எவனோ வெறுத்துட்டான்டி" என்று வந்து நின்றாள். விசாரித்தால் ஷெய்னின் அம்மா கண்ணாடி போடாமல் எதையோ அழுத்தியிருக்கிறார்.

புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே முழித்துக்கொண்டு நிற்கக் கூடாது, எடுத்துப் போட்டதும் கம்பூட் உடனே வெளிச்சம் காட்ட வேண்டும் என்று ஷெய்ன் சொன்னான். அதற்கு ஓர் ஏற்பாடு வேண்டியிருந்தது. வாயைப் பார்த்துச் சரி சொல்லும் ஆளின் கணினி முகவரியை செட்டிங்ஸில் எழுத வேண்டும். அதைக் காலியாக விட்டால் நிரல் ஓடாது. ரேவின் அந்த இடத்தில் தன் வீட்டு முகவரியையே எழுதி வைத்துவிட்டாள். துணி துவைக்கும் அறையில், ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும் பழைய கணினியின் முகவரி. உங்கள் ஊர் ஆளுடையதை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள் என்று அறிமுகப் பக்கத்தில் ஒரு வரியும் போட்டாள். எங்கள் ஊரில் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை. காரில் சாவி தொங்கிக்கொண்டே இருக்கும், அவசரம் என்றால் அடுத்த வீட்டுக்காரன் எடுத்துக்கொண்டு போவான். அந்தப் பழக்கம்தான். வேறு ஊரில் பிறந்தவள் செய்திருக்கமாட்டாள்.

எப்படி நடந்ததோ தெரியாது. யாருக்கும் தெரியாத நல்ல நிரல்கள் என்று வாராவாரம் பட்டியல் போடும் ஒரு பெரிய பக்கம் கம்பூட்டை எடுத்துப் போட்டது. அந்த இரண்டு பொத்தான்கள்தான் எல்லோரையும் மயக்கிவிட்டன. மெஷின் மனுஷத்தனமாகப் பேசுகிறது என்று ஆளாளுக்கு எழுதினார்கள். நட்சத்திரம் கொட்டியது. ஷெய்ன் வீதியில் ஓடிவந்தான். அன்று மத்தியானம் என் கடையில் ஊரே கூடிவிட்டது. தொத்திறைச்சி ரொட்டி சுட்டுச் சுட்டு என் கை ஓய்ந்தது. எல்லோரும் அவள் முதுகில் தட்டினார்கள்.

"எப்படிடி இருக்கு, ரே?" என்றேன்.

காது வரை சிவந்து, "மோசமில்ல" என்றாள். கடையே சிரித்தது, அவளும்தான். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அப்போதுதான் ஷெய்ன் தன் போனைத் தூக்கிக் காட்டினான். "இதப் பாருங்க, இதப் பாருங்க! சிலியிலேருந்து ஒருத்தன் வீடியோ போட்டிருக்கான்!"

சின்னப் படகு. எஞ்சினைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர், முன்னால் ஆரஞ்சு மிதவைச் சட்டையில் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு பெண்பிள்ளை. படம் எடுக்கிறவன் மற்றொரு போனைக் கையில் பிடித்துக் காட்டுகிறான், அதில் சிவப்பு கம்பூட் படமும் பச்சை வெளிச்சமும். ஏதோ ஆற்று வாய். படகு பாய்கிறது. பின்னால் ஓர் அலை எழும்பி, வளைந்து, அவர்கள் இருந்த இடத்தில் விழுகிறது. மூவரும் நனைந்து கூச்சல் போட்டுச் சிரிக்கிறார்கள். கம்பூட் பச்சை சொன்னது, நாங்கள் போனோம் என்று கீழே எழுதியிருந்தது. எங்கள் கடையும் கைதட்டியது.

ரேவின் போனை வாங்கினாள். சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

"இது எப்ப எடுத்தது?"

"அவங்களுக்கு நேத்து மத்தியானம். நமக்கு இன்னிக்கு விடியகாலை. ஏன்?"

"அவங்க ஊர்ல வாயப் பாத்துச் சொன்னது யாரு?"

"யாரு சொல்லணும்? கம்பூட்தான் சொல்லுச்சு."

"கம்பூட் சொல்லாது ஷெய்ன். ஆளு சொன்னாத்தான் பச்சை எரியும். அங்க யாரு பாத்தா?"

அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. எங்களுக்குத்தான் நேரம் பிடித்தது.

"நான்தான் சொல்லியிருக்கேன்" என்றாள். "நான் இங்க நின்னு நம்ம வாயப் பாத்து அழுத்தினேன். அது அங்க போயி எரிஞ்சிருக்கு."

அந்த முகவரியை அவர்கள் மாற்றவே இல்லை. அறிமுகப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்? எடுத்தார்கள், போட்டார்கள், உடனே எரிந்தது, சந்தோஷம். எண்களை அந்தந்த ஊர்க் கடலிலிருந்து எடுத்துக்கொண்ட கம்பூட், சரி சொல்லும் ஆளுக்கு மட்டும் ரேவினின் துவைக்கும் அறையைக் கேட்டிருக்கிறது. எத்தனை ஊர், எத்தனை வாய், யாருக்குத் தெரியும்? அவள் கடைக்குப் பின்னால் ஓடி வாந்தி எடுத்தாள். நான் முடியைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணு மிதவைச் சட்டையோட கீழ்ப்பட்டைய கட்டவே இல்லடி" என்றாள். "பாத்தியா? கீழ கட்டவே இல்ல."

ஷெய்ன் பின்னாலேயே வந்து நின்றான். "ரே, ஆனா ஒண்ணும் ஆகலையே? அந்த ஆளுக்கு எழுதிடலாம், மாத்திக்குவான். எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க? எத்தன பேரு வீடியோ போட்டிருக்காங்க பாரு."

"ஒண்ணும் ஆகாதவங்கதான்டா வீடியோ போடுவாங்க."

வாயைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். இரண்டாவது பொத்தானை அழுத்தினாள். அந்த நொடியில் உலகத்தில் முகவரி மாற்றாத எல்லா கம்பூட்டும் சிவந்தது. எங்கள் ஊரினுடையதும்தான்.

வெளியே தமத்தியின் படகு இருந்தது. நெவ்வும் அதில் இருந்தான். மாலைக்குள் வாய்க்குள் வர வேண்டியவர்கள். தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கடையிலிருந்த ரேடியோ கரகரத்தது.

"ரே, இருக்கியா? என்னம்மா சிவப்பா எரியுது? எண்ணு எல்லாம் நல்லாத்தான் காட்டுது. எனக்கு முதுகுல தெக்குக் காத்து வருது, ரொம்ப நேரம் இங்க ஆட முடியாது."

அவள் கையடக்க ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டு அலைதடுப்புச் சுவருக்கு ஓடினாள். கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு நானும் ஓடினேன். தூரத்தில் படகு தெரிந்தது, அலைக்கு மேலே ஒருதரம் வரும், பிறகு காணாமல் போகும். காணாமல் போகிற ஒவ்வொரு தடவையும் நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன்.

தமத்திக்கு மட்டும் பச்சை காட்ட வழியில்லையா என்று கேட்டேன். இல்லையாம். கம்பூட் யாருடைய பெயரையும் கேட்காது. படகில் இருக்கும் போனின் முகவரி நேரத்துக்கு நேரம் மாறும். கேட்பவன் தமத்தியா, சிலியா, வேறு யாரோவா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியாது. கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும்.

"அப்ப எல்லாருக்கும் குடேன்!" என்று கத்தினேன். "ஒரு தடவதானே! என் புருஷன் அங்க இருக்கான்டி! அழுத்தித் தொலையேன்!"

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கண்ணெல்லாம் தண்ணீர், சவரக்காரனாலா வேறெதனாலா தெரியாது. ரேடியோவை வாயருகே வைத்தாள்.

"தமத்தி, போனப் பாக்காத. அத அணைச்சு வை. என் குரல மட்டும் கேளு."

"அணைச்சுட்டேன். சொல்லு."

"நில்லு. பெரிய கூட்டம் ஒண்ணு இன்னும் வரல. அப்படியே நில்லு."

நின்றார்கள். அது வந்தது. நான்கு அலையோ ஐந்து அலையோ, வாயை முழுக்க வெள்ளையாக மூடிவிட்டது. அதில் நெவ் இருந்திருந்தால் என்று நினைத்தேன், ஈரக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு தண்ணீர் மெல்லச் சமமானது.

"வா" என்றாள் ரேவின். "இப்ப வா. மோசமில்ல."

வந்துவிட்டார்கள். நெவ் மேடை ஏறியதும் அவன் ஈரத் தாடியைப் பிடித்து இழுத்து இரண்டு அறை கொடுத்தேன், எதற்கென்று அவனும் கேட்கவில்லை. தமத்தி ரேவினிடம் போய், "சிவப்பு எதுக்கு எரிஞ்சுதுன்னு இப்பவாவது சொல்லுவியா?" என்றான். ஷெய்ன்தான் சொன்னான், குடுமியைப் பிடித்துக்கொண்டு.

அடுத்த வாரத்திலேயே புது கம்பூட் வந்தது. அதில் முகவரி எதுவும் எழுதியிருக்காது. திறந்ததும், உங்கள் ஊர் வாயைக் கண்ணால் பார்க்கும் ஆளின் பெயர் என்ன என்று கேட்கும். அந்தப் பெயரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், வேறெங்கும் அனுப்பாது. பெயர் சொல்லாதவரை சிவப்புதான். இரண்டு குளிர்காலம் கூவிய ஷெய்ன் இப்போது திருப்பிக் கூவினான், பழையதைத் தூக்கி எறியுங்கள், புதியதைப் போடுங்கள் என்று. சிலிக்காரன் மன்னிப்புக் கேட்டு எழுதி மாற்றிக்கொண்டான். நிறையப் பேர் மாற்றினார்கள். மாற்றாதவர்களும் இருந்தார்கள். ஒருதரம் போட்டுவிட்டு மறந்துவிடுகிறவர்கள்தானே ஜனங்கள். அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட விஷயமே இப்போது அவள் கழுத்தைப் பிடித்தது.

"அந்தத் துணி ரூம் கம்ப்யூட்டர அணைச்சுத் தொலைச்சிடேன்" என்றேன் நான், ஏதோ பெரிய வழி கண்டுபிடித்த மாதிரி.

அணைக்கவும் முடியாதாம். முன்பு ஒருநாள் புயலில் அவள் வீட்டு இணைப்பு அறுந்து, பதில் கிடைக்காமல் தமத்தி மத்தியானம் வரை வெளியே ஆடிக்கொண்டு கிடந்தான். வந்து கத்து கத்தென்று கத்தினான். அதற்காக அவள் தன் விதியையே மீறி ஒரு வரி சேர்த்திருந்தாள். பதிலே வராவிட்டால் எண்களை மட்டும் நம்பிப் பச்சை காட்டு. ஆக, அந்தக் கணினி செத்தால் மறந்துபோனவர்களின் கம்பூட் யாரையும் கேட்காமல் தானே பச்சை எரியும். இப்போது மின்சாரம் போனால் கார் பேட்டரியை இழுத்துக்கொண்டு வந்து மாட்டுகிறாள். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் துவைக்கும் அறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மகள் வீட்டுக்குப் போய் ஒரு நாள் தங்கியதில்லை.

"தானா சிவப்பு அனுப்புற மாதிரி ஒரு வரி எழுதிடு ரே, நீ போயி நிம்மதியா தூங்கு" என்று ஷெய்ன் சொல்லிப் பார்த்தான்.

"எழுதலாம். ஆனா அதையும் நான்தானே எழுதணும்?"

"நான் எழுதித் தரேன்."

"உன்ன எனக்குத் தெரியும்டா."

அதனால் தினமும் தானே அழுத்துகிறாள், காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம். வாய் கண்ணாடி மாதிரி கிடக்கும் நாளிலும் ஊர்ப் படகுகளுக்கு ரேடியோவில் "மோசமில்ல" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துப் பழைய முகவரிக்கு 'இன்னொரு டீ குடி' அனுப்புகிறாள்.

பழையதை வைத்திருந்தவர்களுக்கு எப்போது பார்த்தாலும் சிவப்பு. திட்டித் தீர்த்தார்கள். உதவாக்கரை, குப்பை, கோழைகளுக்கு எழுதிய நிரல் என்றெல்லாம் எழுதினார்கள். கம்பூட்டைக் குப்பைத்தொட்டியில் போடுவது போல ஒருவன் படம் போட்டு, அதை ஆயிரம் பேர் பார்த்துச் சிரித்தார்கள். நட்சத்திரங்கள் உதிர்ந்தன. ஷெய்னுக்கு அழுகையே வந்துவிட்டது. ரேவின் மட்டும் ஒவ்வொரு திட்டாக எனக்குப் படித்துக் காட்டுவாள். "பாருடி, இவன் கழட்டிட்டான். நல்ல பையன். இதோ இவளும் கழட்டிட்டா, தங்கம்." திட்டு வாங்கிச் சந்தோஷப்பட்ட மனுஷியை அப்போதுதான் பார்த்தேன்.

நடுவில் துறைமுக அறிவிப்புப் பக்கத்தில் புது கம்பூட்டைச் சேர்த்துவிட்டார்கள். வாய் பார்ப்பவர் ரேவின் டாஸ்கர் என்று பெயரே போட்டிருந்தார்கள். எத்தனை நாள் ஆசை அது! நான் கேக் வெட்டினேன். நல்லா இருக்கா என்றேன். கேக்கையா, பக்கத்தையா என்று கேட்காமல் "மோசமில்ல" என்றாள். கண் போனில் இருந்தது.

பழைய முகவரியை இன்னும் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று அவள் போனில் ஓர் எண் தெரியும், பெயர் தெரியாது. அந்த எண் மாதாமாதம் இறங்கி இறங்கி ஒன்றில் வந்து நின்றது. அந்த ஒன்று மட்டும் போகவில்லை. எங்கள் விடியற்காலையில், அவள் சுவரிலிருந்து திரும்பி என் கடையில் உட்கார்ந்து முதல் டீயைக் குடிப்பதற்குள் வந்து கேட்கும். சிவப்பைப் பார்க்கும். போய்விடும். மறுநாளும் வரும்.

"எவனோ அலமாரில வச்சு மறந்த போனா இருக்கும் ரே, அதுவா கேட்டுக்கிட்டு கிடக்கும்" என்றான் ஷெய்ன்.

"இருக்கலாம். சட்டப் பையிலயும் இருக்கலாம்."

எந்த நாடு என்று பார்த்தால் நாளுக்கு ஒரு நாட்டைக் காட்டியது. அது செயற்கைக்கோள் வழியாக வரும் இணைப்பு, அதனால்தான் என்று ஷெய்ன் விளக்கினான். சொல்லிவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். செயற்கைக்கோள் இணைப்பை அலமாரியில் யார் வைப்பார்கள்? கடலில் இருப்பவர்கள்தான் வைத்திருப்பார்கள்.

போன வாரம் ஒருநாள் அந்த ஒன்று வரவில்லை. ரேவின் டீயைக் கையில் வைத்திருந்தாள், போன் மேசைமேல் முகம் மல்லாந்து கிடந்தது. எண் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்பாடா! கடைசிக் கிராக்கியும் ஒழிஞ்சுதா? இனிமே அந்தத் துணி ரூமுக்கு விடுதலை. ராத்திரி கால நீட்டித் தூங்குடி."

போனைத் தன் பக்கம் இழுத்து, "நேத்து சாயங்காலம் நான் அழுத்தினேன்ல?" என்றாள்.

"அழுத்தின. இங்க உக்காந்துதான் அழுத்தின."

"எந்தப் பொத்தான்?"

"டீ பொத்தான். எப்பவும் அழுத்துறதுதானே."

"போயிச் சேர்ந்த டிக் வந்துச்சா? நீ பாத்தியா?"

"பாத்தேன்டி. வந்துச்சு."

"நேத்து ராத்திரி ஒரு நிமிஷம் லைட்டு மங்கிச்சே. துணி ரூம் கம்ப்யூட்டர் அணைஞ்சு எழுந்திருந்தா? உங்க வீட்டுல மங்கிச்சா?"

தெரியவில்லை என்றேன். அவள் முகத்தைப் பார்த்ததும் என் சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. எல்லோரும் போக வேண்டும் என்று ஒரு வருஷமாகத் தவம் கிடந்தவள், கடைசி ஆள் போன அன்று சுவரில் நிற்கும்போது இருக்கும் அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பல்லுக்கிடையே பிளாஸ்க் மூடி இல்லை, அதனால் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எதிரே ஐஸ் ஆலையில் ஒரு படகு ஹாரன் அடித்தது. இன்னொன்று அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. தமத்தி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான்.

"ஐஸ் எங்க ரே? எவ்வளவு நேரமா அடிக்கிறேன், காது செவிடா?"

நான் கண்ணைக் காட்டினேன். அவன் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு நெவ்வும் வந்து உட்கார்ந்தான். அவர்களுக்குத் தெரியும். வர வேண்டியவர்கள் வராதபோது உட்காரும் உட்காரல் அது, எங்கள் மேடையில் எல்லோரும் ஒருதரமாவது உட்கார்ந்திருக்கிறோம். யாரென்று தெரியாத ஒருவனுக்காக அன்றுதான் முதல்முறையாக உட்கார்ந்தோம். ஒருவனா ஒருத்தியா, எத்தனை பேர் அந்தப் படகில், படகுதானா, ஒன்றும் தெரியாது. டீ ஆடை கட்டியது. யாரும் குடிக்கவில்லை.

வெயில் ஜன்னல்வரை வந்துவிட்டது. ரேவின் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டேன், கொதிக்கும் சத்தம்கூடத் தாங்கவில்லை.

பூஜ்யம் ஒன்றானது.

தமத்தி மேசையைப் பிடித்துக்கொண்டான். ரேவின் மூச்சை விடவில்லை. கட்டைவிரலை மழைக்கோட்டில் ஒருதரம் துடைத்துக்கொண்டு, தவறிப் பக்கத்துப் பொத்தானில் பட்டுவிடக் கூடாதென்று இடது கையால் அதை மறைத்தபடி, டீ பொத்தானை அழுத்தினாள். டிக் வரும்வரை விரலை எடுக்கவில்லை. வந்தது. ஆறிப்போன கோப்பையை மேசைமேல் என் பக்கமாக நகர்த்தினாள்.